பதினேழாம் நம்பர் போத்தல்

போன வாரத் தொடரில் புஷ்பாவை அடுப்படியில் விழவைத்துவிட்டு நான் பாட்டுக்கு எழுந்து போய்விட்டேனாம். கெர்லிங்கிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில், "எழுதற கையில சுடுதண்ணி ஊத்தணும்" என்றே சொல்லிவிட்டார். ஊற்றுங்கள் தாயே, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவளை விழவைத்தது நானில்லை. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம். புக்கிட் ரோத்தான் பக்கம், தோட்டத்து லயங்களை இடித்தபோது கொடுத்த வீடுகள் இருக்கும் தாமான். அங்கே இருசப்பனும் அவர் மனைவி புஷ்பாவும். இரண்டு பேருக்கும் இனிப்புநீர் வியாதி. புஷ்பாவுக்கு இடது கால் கட்டைவிரலில் நாலு மாதமாக ஆறாத புண் வேறு. ஒரே மகள் உஷாராணி, புஞ்சாக் ஆலாமில் ஒரு மூலிகை ஆராய்ச்சிக்கூடத்தில் ஒப்பந்த வேலை.

சிறுகுறிஞ்சான் இலை இரத்தத்தில் சீனியையும் கொழுப்பையும் நிஜமாகவே குறைக்கிறதா என்று மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை அது. பன்னிரண்டு வாரம். உஷா தன் தாமானிலிருந்தே இருபது பேரைச் சேர்த்துவிட்டாள், அப்பா அம்மா உட்பட. பத்துப் பேருடைய போத்தலில் இலைத்தூள் கேப்சூல், மற்ற பத்துப் பேருடையதில் வெறும் சோளமாவு. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற உஷாவுக்கும் தெரியாது. போத்தலில் நம்பர் மட்டும்தான். புஷ்பாவின் நம்பர் பதினேழு.

வியாழக்கிழமை சாயங்காலம் தாய்க்கும் மகளுக்கும் சண்டை. புஞ்சாக் ஆலாமிலேயே அறை எடுத்துத் தங்கப்போகிறேன் என்றாள் மகள். போகாதே என்று தாய் அழுதாள். "உன் கால் புண்ணைப் பாத்துக்கிட்டே நான் கெழவியாகணுமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள் உஷா. மறுநாள் காலை, வெள்ளிக்கிழமை விரதம் என்று பசியாறாமல் அடுப்படிக்குப் போன புஷ்பா அங்கேயே சுருண்டாள்.

இதுதான் இதுவரை.

காலை பதினொரு மணி. அரசாங்க ஆஸ்பத்திரி வார்டு. கண் மூடிக் கிடந்தாள் புஷ்பா, பக்கத்தில் சேதி கேட்டு ஓடிவந்த உஷா. புஷ்பாவின் கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு புள்ளி ஒண்ணு," மீட்டரைப் பார்த்துச் சொன்னார் டாக்டர் அஃப்சானா. "மூணாவது தடவை விழுது."

நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. கொண்டுவந்து சேர்த்தபோது ஒன்று புள்ளி எட்டு. குளுக்கோஸ் போட்டால் ஏறுகிறது, முக்கால் மணி நேரத்தில் மறுபடியும் சரிகிறது. சீனியைக் குறை, சீனியைக் குறை என்று பத்து வருடமாகத் திட்டு வாங்கியவளுக்கு இப்போது சீனி உடம்பில் நிற்கமாட்டேன் என்கிறது. என்ன அநியாயம் பாருங்கள்.

"உஷா, எனக்கு உங்க சோதனை கேப்சூல் மேலதான் சந்தேகம். அம்மா போத்தல்ல இருக்கறது இலையா, மாவா?"

"எனக்கே தெரியாது டாக்டர். அந்த லிஸ்ட் சோதனைய நடத்தற புரொபசர்கிட்டதான் இருக்கு."

"எமர்ஜென்சின்னா தொறக்கலாம்ல? தொறக்கச் சொல்லுங்க. எனக்கு இப்பவே தெரியணும்."

உஷா நடைபாதையில் நின்று போன் போட்டாள். புரொபசர் மறுபேச்சுப் பேசவில்லை. பத்தாவது நிமிடம் பதில் வந்தது. உஷா அதை இரண்டு தடவை படித்தாள்.

"வெறும் மாவு டாக்டர். பதினேழு, சோளமாவு."

தன் மருந்து அம்மாவைக் கெடுக்கவில்லை என்று ஒரு நிமிடம் அவளுக்கு மூச்சு வந்தது. அந்த ஒரு நிமிடம்தான்.

அஃப்சானா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உஷா, தப்பா நெனைக்காதீங்க, நான் கேட்டுத்தான் ஆகணும். வீட்டுல ஏதாச்சும் சண்டையா? அம்மா சீனியக் குறைக்கிற மாத்திரையை வேணும்னே கூடுதலா போட்டிருப்பாங்களா?"

 உஷாவுக்கு அழுகை வந்தது. இருபத்தேழு வயதுப் பெண், படித்தவள், இருபது பேருடைய இரத்தத்தைக் கை நடுங்காமல் எடுத்தவள், வார்டுச் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

"நான் சொன்னேன் டாக்டர்... நேத்து நான்தான் சொல்லக்கூடாதத சொல்லிட்டேன்..."

"சரி, சரி. மாத்திரை அட்டையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க, எண்ணிப் பாத்துடலாம். மனநல டாக்டரையும் வரச் சொல்றேன். பயப்படாதீங்க."

இதையெல்லாம் ஒரு மனிதர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கையில் புஷ்பாவின் சேலையும் செருப்பும் வைத்த பிளாஸ்டிக் பை. அவர்தான் இருசப்பன். மாவு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார். புஷ்பா சாப்பிட்டது மாவில்லை. அது அவருக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்? ஏழு வாரத்துக்கு முன்னால் போகவேண்டும்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்ற நாக்கில் சீனியைப் போட்டால் மண்ணாகத்தான் இருக்கும், இனிக்காது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. புரொபசருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கேப்சூலைப் பிரித்து நாக்கில் தடவி, மேலே ஒரு சிட்டிகை சீனி போட்டுப் பார்ப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. எங்கள் ஜனங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்!

போத்தல் வந்த மறுநாளே கோயில் மண்டபத்தில் இருபது பேரும் கூடினார்கள். ஒவ்வொரு போத்தலிலும் ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். நடுநடுவே வாயைக் கொப்பளித்து, அரை மணி நேரம் பொறுத்து, ஒரு நாள் முழுக்க அதே வேலை. சாயங்காலத்துக்குள் பத்து இலை, பத்து மாவு என்று பிரிந்துவிட்டது. கூட்டத்தில் இருந்த தனேஸ்வரிக்கு மாவு. அவள் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள்.

"ஒரே லயத்துல பொறந்து வளந்தோம். பத்து வீட்டுக்கு மருந்து, பத்து வீட்டுக்கு மாவா? இது என்ன ஞாயம்?" என்று கேட்டார் கோயில் தலைவர் சோமு.

ஞாயம் என்ற பேச்சு வந்தால் அங்கே எல்லாரும் இருசப்பனைத்தான் பார்ப்பார்கள். முனியாண்டி பூசைக்குக் கிடா வெட்டினால் கறியைக் கூறு போடுவது அவர் கை. முப்பது வருடமாக ஒருத்தரும் என் கூறு சின்னது என்று சொன்னதில்லை. வாழை இலையை விரித்து இலை கேப்சூல்களைக் கொட்டி அவர் கூறு போட்டார். மாவு கேப்சூல்கள் கோயிலுக்குப் பின்னால் சாக்கடைக்குப் போயின. உஷாவுக்குத் தெரிந்தால் அவள் வேலைக்கு ஆபத்து என்று, வாய் திறக்கமாட்டோம் என்று இருபது பேரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். இரண்டாம் மாதப் போத்தல் வந்தபோதும் அதே கூறு.

அன்றைக்கு நடந்ததில் முக்கால்வாசி சொல்லிவிட்டேன். மிச்சக் கால்வாசி அவர் வாயாலேயே வரட்டும்.

மாத்திரை அட்டையை எடுக்க இருசப்பனை சோமு தன் காடியில் கூட்டிப்போனார். பாதி வழியில் இருசப்பன் சொன்னார், "சோமு, நான் டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்."

"பைத்தியமா ஒனக்கு?" சோமு காடியை ஓரம் கட்டிவிட்டார். "உம் மக வேல போயிரும் லா. அடுத்த மாசம் அவளுக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறாங்கன்னு நீதானே சொன்னே? இவ்வளவு நாள் ரத்தம் எடுத்ததெல்லாம் குப்பைக்குப் போவும். ஊசி, பரிசோதனை, டாக்டர் எல்லாம் நம்ம மண்டபத்துக்கே வருது, அதுவும் நின்னுரும்."

"புஷ்பா கெடக்கறாடா அங்க."

"நானும்தான் அந்தக் கேப்சூல சாப்புடறேன், எம் பொண்டாட்டியும் சாப்புடறா. நாங்க நல்லாத்தானே இருக்கோம்? ஒரு கூறு என்னா பண்ணும்? புஷ்பாவுக்கு வேற ஏதோ சீக்கு. டாக்டரு கண்டுபுடிப்பாங்க. சத்தியத்த மீறாத, இருசப்பா."

ஒரு கூறு என்ன பண்ணும். இருசப்பன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சோமுவுக்கு அவர் முகம் தெரியவில்லை.

வீட்டில் அட்டை சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. எண்ணினார். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புஷ்பா மாத்திரை விஷயத்தில் அப்படித்தான். அடுப்படித் தரையில் அவள் கரைத்து வைத்த கோலமாவு அப்படியே கிண்ணத்தில் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் அங்கேயே குந்தி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். வெளியே சோமு ஹாரன் அடித்தார்.

இரண்டரை மணிக்கு அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்த அஃப்சானாவின் முகம் இன்னும் இருண்டது.

"எண்ணிக்கை சரியா இருக்கு அங்கிள். அப்ப வேற எங்கயாச்சும் மாத்திரை வாங்கி வச்சிருந்தாங்களான்னு பாக்கணும். இல்லன்னா கணையத்துல கட்டி இருக்கலாம். கட்டின்னா கோலாலம்பூருக்கு அனுப்பி ஸ்கேன் பண்ணணும்."

"இங்கயே ஒண்ணும் பண்ண முடியாதா டாக்டர்?" என்று கேட்டாள் உஷா.

"ஒரு ஊசி இருக்கு. மருந்தால இறங்குதுன்னா அது நிறுத்தும். ஆனா கட்டியா இருந்து நான் அதைப் போட்டேன்னா, இன்னும் இறங்கிடலாம். காரணம் தெரியாம எனக்கு அதைத் தொடவே பயமா இருக்கு. ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கேன், நாலு மணிக்கு வரும்."

கோலாலம்பூருக்கு ஒன்றேகால் மணி நேரம். வழியில் நெரிசல் என்றால் கேட்கவே வேண்டாம். முக்கால் மணிக்கு ஒரு தடவை சரிகிற உடம்பை வைத்துக்கொண்டு.

உஷா கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். தாயின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்பா கால்மாட்டில் நிற்பதை அவள் பார்த்தாளோ இல்லையோ, பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, நான் ரூம் எடுக்கல. எங்கயும் போவல. ஒம் புண்ணுக்கு நானே கட்டுப் போடறேன், தெனம் போடறேன். எதுக்கும்மா இப்படிப் பண்ண? என்னைய நாலு அறை அறைஞ்சிருக்கலாம்ல? நீ போயிட்டா நான் மட்டும் எதுக்கு இருக்கணும், சொல்லு. நானும் வந்துர்றேன்."

 மகள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று இருசப்பனுக்குத் தெரிந்தது.

"உஷா," என்றார்.

அதே நேரம் கட்டில் கடகடவென்று ஆடியது. புஷ்பாவின் கைகால்கள் வெட்டி இழுத்தன, வாயோரம் நுரை தள்ளியது. "மிஸ்ஸி! டாக்டர்!" என்று உஷா போட்ட கூச்சலில் வார்டே திரும்பியது. தாதிகள் ஓடிவந்து திரையை இழுத்தார்கள். உள்ளேயிருந்து அஃப்சானாவின் குரல், "ஒண்ணு புள்ளி ஆறு! சீக்கிரம்!"

திரைக்கு வெளியே நின்ற மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினார் இருசப்பன். 

"அம்மா சாவறதுக்கு ஒண்ணும் பண்ணல தாயி. நீ சொன்னதால இல்ல. அவ சாப்புட்டது மாவு இல்ல."

"என்னப்பா உளர்றீங்க? புரொபசரே பாத்துச் சொன்னாரு."

"போத்தல்ல இருந்தது மாவுதான். அவ சாப்புட்டது அந்தப் போத்தல் இல்ல. நாங்க எல்லாத்தையும் கொட்டிக் கூறு போட்டுக்கிட்டோம்."

நாக்கில் சீனி வைத்துப் பார்த்தது, மாவைச் சாக்கடையில் கொட்டியது, சூடம் அணைத்தது எல்லாம் தட்டுத்தடுமாறி வந்து விழுந்தன. உஷா கேட்டுக்கொண்டே நின்றாள். ஏழு வார வேலை, இருபது பேருடைய இரத்தக்கணக்கு, அடுத்த மாத ஒப்பந்தம், எல்லாம் அந்தச் சாக்கடையில்தான் போய்விட்டது. அவள் அதற்காகக் கத்தவில்லை. அவள் மனது வேறெங்கோ கணக்குப் போட்டது.

"பத்து போத்தல், இருவது பேரு," என்றாள் மெல்ல. "ஆளுக்கு நாளைக்கு ஒண்ணுதான் வரும். நாங்க குடுக்கச் சொன்னதே ரெண்டு. ஒண்ணு இந்த வேலைய செய்யாதுப்பா. இதைப் போய் டாக்டர்கிட்ட சொன்னா நம்பமாட்டாங்க. அம்மாவ கோலாலம்பூருக்குத்தான் அனுப்புவாங்க."

இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணு இல்லம்மா."

"பின்ன?"

"மூணு."

"மூணா? எப்படி மூணு?"

"அவ கூறு ஒண்ணு. என் கூறு ஒண்ணு. கூறு போட்டவனுக்கு எல்லார் கூறுலயும் கிள்ளி எடுத்து மேல ஒரு கூறு குடுப்பாங்கல்ல, கறிக்குக் குடுக்கற மாதிரி? அது ஒண்ணு. மூணையும் அவளுக்குத்தான் குடுத்தேன். புண்ணு ஆறட்டும், வெரல வெட்டாம இருக்கட்டும்னு. நான் ஒண்ணுகூட வாயில வைக்கல உஷா. நானே அவளுக்கு என் கையால குடுத்தேன்."

சொல்லி முடித்ததும் அந்தப் பெரிய மனிதர், ஊருக்கே கூறு போட்டுக் கொடுத்தவர், மகளுக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அடிக்கட்டும் என்று நீட்டினாரா, பிடித்துக்கொள்ளட்டும் என்று நீட்டினாரா, அவருக்கே தெரியாது.

உஷா அடிக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"டாக்டர், இலைதான்! நாளைக்கு மூணு, ஏழு வாரமா! சீனி மாத்திரையோட சேத்து, இன்னிக்கு வெறும் வயித்துல! கட்டி இல்ல, ஊசியப் போடுங்க!"

"நிச்சயமா? லிஸ்ட்ல மாவுன்னு..."

"லிஸ்ட் பொய். நான் எழுத்துல தர்றேன், கையெழுத்துப் போடறேன். போடுங்க டாக்டர்!"

அஃப்சானா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாதியிடம் மருந்தின் பெயரைச் சொன்னார்.

அடுத்த ஒரு மணி நேரத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. கால் மணிக்கு ஒரு தடவை விரல் நுனியில் குத்தினார்கள். மூன்று புள்ளி நாலு. மூன்று புள்ளி இரண்டு. நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்து, அரை மணி நேரம் காத்திருந்து, திரும்பிப்போனது. மூன்று புள்ளி ஒன்பது. நாலு புள்ளி நாலு.  "ராத்திரி பூரா பாக்கணும். வலிப்புல மூளைக்கு என்ன ஆச்சுன்னு முழிச்சாத்தான் தெரியும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் அஃப்சானா.

அதற்குள் உஷா இன்னொரு காரியம் செய்தாள். இருபது பேர் இருக்கும் வாட்சாப் குழுவில் குரல் பதிவு போட்டாள். "யாரும் இனிமே கேப்சூல் சாப்பிடாதீங்க. கூறு போட்டது எனக்குத் தெரியும். தல சுத்துச்சுன்னா சீனித்தண்ணி குடிச்சிட்டு ஒடனே கிளினிக்குக்குப் போங்க." முதலில் பதில் வந்தது தனேஸ்வரியிடமிருந்து. வெறும் கும்பிடு. சோமுவிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஐந்து மணிக்கு அவள் போன் அடித்தது. புரொபசர்.

உஷா கட்டிலின் தலைமாட்டில், அம்மாவின் கண்ணுக்குப் படாத இடத்தில் நின்று போனை எடுத்தாள். புரொபசர் அன்பாகத்தான் பேசினார். அம்மா எப்படி, என்று கேட்டார். பிறகு தயங்கினார். இப்படி ஒன்று நடந்தால் மேலிடத்துக்கு இன்றே அறிக்கை அனுப்பவேண்டும், உன் இடத்தில் எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாவுதானே, சோதனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதி முடித்துவிடலாம் என்றார். உன் ஒப்பந்தக் கடிதமும் என் மேசையில்தான் இருக்கிறது என்றார்.

உஷா வாயைத் திறந்தாள்.

கட்டிலில் புஷ்பாவின் இமைகள் அசைந்தன. இருசப்பன் ஓடிவந்து அவள் முகத்தருகே குனிந்தார். "புஷ்பா! புஷ்பா, இங்க பாரு, நான்தான்!"

அவள் கண் பாதிதான் திறந்தது. புருஷனைத் தவிர வேறு யாரும் அவளுக்குத் தெரியவில்லை. உதடு வறண்டு ஒட்டியிருந்தது. வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"என்னங்க... ஒரு வாரமா தல சுத்துதுன்னு... உஷாகிட்ட சொல்லிறாதீங்க. ரிப்போர்ட்டுல எழுதிருவா. புள்ளைக்கு வேல போயிரும்."

சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஹலோ?" என்றது போன். "உஷா, இருக்கியா? விதிப்படிதானே நடந்துச்சு?"